உப்பு ஏன் உள்ளே போகவில்லை?

மார்ச் பிறந்தால் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மாவடு வந்துவிடும். எங்கள் கட்டடத்து முதல் மாடி மாமி இரண்டு கிலோ வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு கை கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடிவைப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க மாட்டார். “ஜலமே விடப்படாது. அதுவே விட்டுக்கும்” என்பார். மூன்றாம் நாள் ஜாடியைக் குலுக்கினால் தளதளவென்று சத்தம் கேட்கும். வடு சுருங்கி, தோல் வரிவரியாகி, தான் விட்ட தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும்.

இந்த வருடம் அந்த ஜாடியைக் குலுக்கிப் பார்த்த மாமியின் பேத்தி, பதினோராம் வகுப்பு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “அங்கிள், உள்ள இருக்கற தண்ணி வெளியில வருதுன்னா, வெளியில இருக்கற உப்பு ஏன் உள்ள போகலை? செல்லைச் சுத்தியிருக்கற சவ்வு சல்லடை மாதிரின்னுதானே சொல்லிக்கொடுத்திருக்கா? ரெண்டும் சின்னதுதானே?”

சயானில் பல வருடம் டியூஷன் எடுத்தவன் நான். சல்லடை உதாரணத்தை நானே நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். சின்னது போகும், பெரியது நிற்கும் என்றால் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள், வேலை சுலபம். ஆனால் அவள் கேள்வியில் அந்தச் சல்லடை கிழிந்துபோகிறது. அளவை மட்டும் பார்த்தால் உப்பிலுள்ள சோடியம் அயனி தண்ணீர் மூலக்கூறைவிடச் சின்னது. சல்லடைக் கணக்குப்படி அதுதான் முதலில் நுழைந்திருக்க வேண்டும். தண்ணீர் தாண்டுகிறது, சோடியம் நிற்கிறது. அப்படியானால் அங்கே சலிப்பது அளவு இல்லை. வேறு என்ன?

சவ்வு எதனால் ஆனது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. செல் சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்குள் பத்தாயிரம் சவ்வுகளைத் தாராளமாக அடுக்கலாம். இதைக் கண்ணால் பார்க்க வழியில்லாத 1925ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ஒரு காரியம் செய்தார்கள். இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பை அசிட்டோனில் கரைத்து எடுத்துத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒற்றை அடுக்காகப் பரவவிட்டு, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப்போல அது இரு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு என்பது கொழுப்பின் இரட்டை அடுக்கு என்றார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுத்திருக்கவில்லை. அணுவின் பரப்பையும் அவர்கள் குறைவாகக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் நாம் இப்படிச் செய்தால் மார்க் கிடைக்காது. அவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது.

அந்தக் கொழுப்புக்குப் பாஸ்போலிப்பிடு என்று பெயர். தலைப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும். வால்கள் இரண்டும் சுத்தமான எண்ணெய்க் குணம், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். தண்ணீருக்குள் இப்படிப்பட்ட மூலக்கூறுகளைக் கொட்டினால் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே பார்க்க, வால்கள் நடுவில் மறைந்துகொள்ள, தாமாகவே இரட்டை அடுக்காகிவிடும். யாரும் கட்ட வேண்டாம். ரசத்தின் மேல் நெய் ஒதுங்குவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே.

அந்த அடுக்கு கெட்டியான சுவரும் இல்லை. ஜனவரியில் மும்பையிலேகூடச் சில காலைகளில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் பாதி வெள்ளையாக உறைந்திருக்கும். பக்கத்திலிருக்கும் நல்லெண்ணெய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. தேங்காயெண்ணெயின் கொழுப்புச் சங்கிலிகள் பெரும்பாலும் நேரானவை, தீக்குச்சிபோல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் வளைந்த சங்கிலிகள் அதிகம், அவை அப்படி நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது. செல் தன் சவ்வில் இரண்டு வகையையும் கலந்து வைத்திருக்கிறது. குளிர்ந்த நீரில் வாழும் மீன் வளைந்த வகையைக் கூட்டிக்கொள்ளும். நம் உடலில் இடையிடையே கொலஸ்ட்ராலும் செருகியிருக்கும். சூட்டில் சவ்வு தளர்ந்துவிடாமலும் குளிரில் இறுகிவிடாமலும் அது பார்த்துக்கொள்கிறது. லேப் ரிப்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும் நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

எவ்வளவு இளக்கம் என்பதை 1970இல் ஃப்ரையும் எடிடினும் காட்டினார்கள். எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் மேற்பரப்புப் புரதங்களுக்கும் வேறுவேறு ஒளிரும் நிறம் ஏற்றினார்கள். முதலில் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். உடல் வெப்பத்தில் 40 நிமிடத்தில் இரண்டும் முழுக்கக் கலந்துவிட்டன. கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் வரைந்த படத்தைத்தான் இன்றும் பாடப்புத்தகங்களில் பார்க்கிறோம்.

எண்ணெயில் கரைகிறவன் தாண்டுவான்

இப்போது வழி சுலபம். சவ்வின் நடுவில் இருப்பது எண்ணெய். எண்ணெயில் கரைகிற பொருள் கேட்காமல் கொள்ளாமல் தாண்டிவிடும். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, சாராயம், மயக்க மருந்து, ஸ்டீராய்டு ஹார்மோன் எல்லாம் இந்த ரகம். சவ்வு இரட்டை அடுக்கு என்று தெரிவதற்கு முன்பே, 1890களில் ஓவர்டன் என்பவர் நூற்றுக்கணக்கான பொருள்களைச் செல்களில் சோதித்து, ஆலிவ் எண்ணெயில் நன்றாகக் கரைவதெல்லாம் செல்லுக்குள்ளும் வேகமாக நுழைகிறது என்று கண்டிருந்தார்.

சோடியம் அயனிக்கு மின்னேற்றம் உண்டு. அதனால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை ஈயாக மொய்த்துக்கொண்டிருக்கும். எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமானால் அந்த மொய்ப்பை உதறிவிட்டுத் தனியாக வர வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். தண்ணீருக்கு மின்னேற்றம் இல்லை, உருவமும் சிறிது. சிரமப்பட்டாலும் எண்ணெயைத் தாண்டிவிடும். வெறும் கொழுப்பு அடுக்கைத் தாண்டுவது தண்ணீரைவிடச் சோடியத்துக்கு நூறு கோடி மடங்குக்கும் மேல் கடினம்.

வடுவில் நடப்பது இதுதான். வெளியே கரைந்த உப்பு அதிகம், ஆகவே அந்தப் பக்கம் தாராளமாகத் திரியும் தண்ணீர் மூலக்கூறுகள் குறைவு. தண்ணீர் இரு பக்கமும் ஓயாமல் போய்வந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளிருந்து புறப்படுவது அதிகமாகவும் வெளியிலிருந்து திரும்புவது குறைவாகவும் இருப்பதால் கணக்கில் தண்ணீர் வெளியே சேர்கிறது. சவ்வூடு பரவல் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான். உப்பு தண்ணீரை ‘இழுக்கிறது’ என்பது பேச்சுக்குச் சரி. அங்கே கயிறு ஒன்றும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைனில் லிட்டருக்குச் சரியாக 9 கிராம் உப்பு இருப்பதும் இதனால்தான். சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் ஊதி வெடிக்கும். கடல் தண்ணீரில் போட்டால் வடுபோல வற்றும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கண்காட்சிகளில் முட்டையை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்துவிட்டு, அது தண்ணீரில் பெருத்து, சர்க்கரைப் பாகில் சுருங்குவதைக் காட்டி ‘செல் சவ்வு’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். முட்டை ஓட்டுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைத் தோல் புரத இழைகளால் நெய்யப்பட்டது. அது உண்மையிலேயே சல்லடைதான். வெள்ளைக்கருவின் பெரிய புரதங்களை நிறுத்தித் தண்ணீரை விடும். சோதனை நல்ல சோதனை, ஒட்டிய சீட்டுதான் தப்பு. நிஜச் செல் சவ்வைப் பார்க்க பீட்ரூட் போதும். நறுக்கி அலம்பிய துண்டுகளைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிறம் அவ்வளவாக இறங்காது. அதே தண்ணீரைச் சுட வையுங்கள். சூட்டில் சவ்வுகள் சிதைந்ததும் பாத்திரமே சிவந்துவிடும். பொரியல் செய்கிற எல்லோரும் தினமும் பார்ப்பதுதான்.

கதவுகள்

வெறும் எண்ணெய்ப் படலத்தோடு நின்றால் உயிர் வாழ முடியாது. சர்க்கரை வேண்டும், உப்பு வேண்டும், அமினோ அமிலம் வேண்டும். ஒன்றும் எண்ணெயில் கரையாது. அதனால் சவ்வின் குறுக்கே புரதங்கள் செருகியிருக்கின்றன. ஒவ்வொரு புரதமும் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கான வழி.

தண்ணீருக்கே தனி வழி இருக்கிறது என்பது வெகுநாள் வெறும் சந்தேகமாகவே இருந்தது. சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் தண்ணீர் பாயும் வேகம் எண்ணெயைத் தாண்டுகிற வேகத்துக்குப் பொருந்தவில்லை. அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே வேறு எதையோ தேடப்போய் சிவப்பணுவில் ஒரு புரதத்தைக் கண்டார். 1992இல் அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உண்டாக்கி, முட்டைகளைத் தண்ணீரில் போட்டார்கள். சாதாரணத் தவளை முட்டை குளத்தில் கிடந்தாலும் ஊதாது. இவை ஊதி வெடித்தன. அக்குவாபோரின் என்ற பெயரும் 2003இல் நோபல் பரிசும் பின்னால் வந்தன. ஒரு அக்குவாபோரின் வழியே ஒரு நொடியில் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும். ஆனால் ஒரு புரோட்டான்கூடத் தண்ணீரைத் தொற்றிக்கொண்டு கூடப் போக முடியாது.

அதே 2003இல் பரிசைப் பகிர்ந்தவர் ரோடரிக் மெக்கின்னன். சல்லடை உதாரணத்தை அடியோடு சாய்ப்பது அவர் வேலைதான். பொட்டாசியம் அயனிக் கால்வாய் என்று ஒன்று நரம்பிலும் தசையிலும் இருக்கிறது. பொட்டாசியம் பெரியது, சோடியம் சின்னது. ஆரம் முறையே 1.33, 0.95 ஆங்ஸ்ட்ராம் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). ஆனால் இந்தக் கால்வாயில் பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் போவதே அபூர்வம். பெரியவனை விட்டுச் சின்னவனை நிறுத்துகிற துளை எப்படி இருக்கும்?

1998இல் மெக்கின்னன் குழு எக்ஸ்ரே படிக முறையில் அதன் வடிவத்தைக் கண்டது. விடையை மும்பைக்காரர்களுக்கு லோக்கல் ரயிலை வைத்துச் சொல்லலாம். கூட்டத்தில் ஏறிய பிள்ளை அம்மாவின் கையை எப்போது விடும்? மேலே தொங்கும் கைப்பிடி எட்டினால் விடும். எட்டாத வாண்டு விடாது. அயனிக்கு அம்மாவின் கை என்பது அதைச் சுற்றி மொய்த்த தண்ணீர். கால்வாயின் குறுகிய இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாகக் கைப்பிடிபோல நிற்கின்றன. அவை பொட்டாசியத்தின் பருமனுக்குக் கச்சிதமாக எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பொட்டாசியம் தண்ணீரை விட்ட கையோடு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது, நஷ்டமில்லை. சோடியம் சின்னது, எல்லாக் கைப்பிடியும் ஒரேநேரத்தில் எட்டாது. தண்ணீரை உதறும் செலவை ஈடுகட்ட வழியில்லாததால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. இத்தனை கறாரிலும் நொடிக்குப் பத்துக் கோடி அயனிகள்வரை ஓடுகின்றன.

இந்தக் கால்வாய்களெல்லாம் இறக்கத்தில் உருளும் வழிகள். அதிகமான பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்கு, செல்லுக்குச் செலவில்லாமல். அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் இரு பக்கமும் ஒன்றாகிவிடும். நம் இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல், செல்லுக்குள் பத்துப் பன்னிரண்டுதான். பொட்டாசியம் நேர்மாறு: வெளியே 4 போல, உள்ளே 140. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. யாரோ நொடிக்கு நொடி இறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இறைப்பவர் யார் என்று டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கௌ 1957இல் நண்டின் கால் நரம்பை அரைத்துக் கண்டுபிடித்தார். சோடியம்-பொட்டாசியம் பம்ப். செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதன் இரு கதவுகளும் ஒருபோதும் ஒன்றாகத் திறக்காது. உள்கதவு மூடிய பிறகுதான் வெளிக்கதவு. அதனால் வேகம் மட்டு, நொடிக்குச் சில நூறு அயனிகள். கால்வாயின் பத்துக் கோடிக்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. ஆனால் மேட்டுக்கு ஏற்றுகிற வேலை இது. நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு பம்ப்புக்குப் போகிறது. ஸ்கௌவுக்கு நோபல் வந்தது 1997இல், நாற்பது வருடம் கழித்து.

இந்த இறைப்பினாலும் பொட்டாசியக் கசிவினாலும் சவ்வின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக நிற்கிறது. பென்டார்ச் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லையே என்று அலட்சியமாகத் தோன்றும். அந்த 70 மில்லிவோல்ட் 5 நானோமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது. மீட்டருக்கு மாற்றினால் ஒரு கோடியே நாற்பது லட்சம் வோல்ட். காற்றில் மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் வந்தாலே மின்னல் தெறிக்கும். உங்கள் ஒவ்வொரு நரம்புச் செல்லும் இதைத் தாங்கிக்கொண்டுதான் இந்த வரியைப் படிக்க உதவுகிறது.

பம்ப் நின்றால் என்ன ஆகும் என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூளையில் இரத்தக்குழாய் அடைத்தால் ஆக்சிஜன் இல்லை, ஏடிபி இல்லை, பம்ப் இல்லை. சோடியம் உள்ளே வழிகிறது, பின்னாலேயே தண்ணீர், செல் வீங்குகிறது. அரளிச் செடியின் நஞ்சு இதயத்தைத் தாக்குவதும் இதே பம்ப்பைப் பிடித்து நிறுத்தித்தான்.

ஒரு பொட்டலம் சர்க்கரையும் உப்பும்

சவ்வைப் பற்றித் தெரிந்துகொண்டதால் மனிதகுலத்துக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால் நான் நோபல் வாங்கிய எதையும் சொல்ல மாட்டேன். மருந்துக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சொல்வேன்.

ஜூன் பாதியில் மழை பிடித்து, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, குழாய்த் தண்ணீரில் கழிவுநீர் கலக்கிற வாரங்களில் தாராவியிலும் சயானிலும் வீட்டுக்கு வீடு யாருக்காவது வயிறு போகும். ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சி “வயித்துல போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காத, இன்னும் போவும்” என்பார். கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்வதுதான். வெறும் தண்ணீர் கொடுத்தால் பல சமயம் அப்படித்தான் போகிறது. ஏன்?

காலராவை எடுத்துக்கொள்வோம், அதில்தான் இது வெட்டவெளிச்சம். கிருமி குடலுக்குள் இருந்துகொண்டே ஒரு நஞ்சை விடுகிறது என்று 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் தே முயல் குடலை வைத்துக் காட்டினார். அந்த நஞ்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. செல்லின் குளோரைடு கால்வாயைத் திறந்தபடியே மாட்டிவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது, பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர். மோசமான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். அதேநேரம், சாதாரணமாக உப்பை உள்ளே வாங்கும் ஒரு வழியையும் நஞ்சு அடைத்துவிடுகிறது. உப்பு உள்ளே போகாதபோது வெறும் தண்ணீர் மட்டும் எதன் பின்னால் போகும்?

ஆனால் இன்னொரு கதவு இருக்கிறது, நஞ்சு தொடாத கதவு. 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் அதன் அடிப்படைக் கருத்தைச் சொன்னார். குடல் செல்லின் சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தேதான் எடுக்கும், இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ். தனியாக எதையும் எடுக்காது. பம்ப் உள்ளே சோடியத்தைக் குறைத்து வைத்திருப்பதால் வெளியே உள்ள சோடியம் இறக்கத்தில் உருண்டு வருகிறது. குளுக்கோஸ் அதன்மேல் ஓசிச் சவாரி. நாம் திருப்பிப் பார்த்தால், சர்க்கரை இருந்தால்தான் இந்தக் கதவில் உப்பு நுழையும். உப்பு நுழைந்தால் தண்ணீர் பின்னால் வரும். ஆச்சி சொன்ன வெறும் தண்ணீருக்கும் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கதவு.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் கையில் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து, ஊசி போடத் தெரியாத உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். முப்பது சதவீதம் பக்கம் இருந்த இறப்பு, அவருடைய முகாமில் நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று 1978இல் லான்செட் மருத்துவ இதழ் எழுதியது. மகாலனாபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் அதற்கு அடுத்த வருடம் அறிவிக்கப்பட்டது.

பொட்டலத்தின் அளவு பின்னர் மாறியது. 2002 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு: ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். சர்க்கரையை ஏன் குறைத்தார்கள்? கடத்திக்கு வேண்டியதைவிட அதிகமாகச் சர்க்கரை குடலில் தங்கினால் அது மாமியின் ஜாடி உப்பாகிவிடும். உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் வெளியேற்றும். கடையில் விற்கும் பல குளிர்பானங்களில் லிட்டருக்கு நூறு கிராம் சர்க்கரை இருக்கும், உப்பு பேருக்குத்தான். வயிறு போகும் குழந்தைக்கு அதைக் கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. இப்படிப்பட்ட இனிப்புப் பானங்கள் வெகுகாலம் ஓஆர்எஸ் என்ற எழுத்தை டப்பாவில் போட்டுக்கொண்டு மருந்துக்கடை அலமாரியிலேயே உட்கார்ந்திருந்தன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. எத்தனை தாமதம் என்று எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, மட்டமாக அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் வேலை செய்யும். மாவுச்சத்து குடலில் மெதுவாகக் குளுக்கோஸாகப் பிரிந்து கடத்திக்கு அளந்து அளந்து கிடைக்கும். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குழந்தை துவண்டாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதே குடும்பத்துக் கடத்தி ஒன்று சிறுநீரகத்திலும் உண்டு. நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் வடிந்து சிறுநீராகப் போக இருப்பதை, பெரும்பாலும் இதுதான் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்தக் கதவை அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடுவது புதிய நீரிழிவு மாத்திரைகளின் தந்திரம். டபாகிளிஃப்ளோசின் என்று சீட்டில் எழுதியிருக்கும். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் எடுத்த ஒரு கசப்புப் பொருளில் தொடங்கிய கதை அது. இன்சுலின் செய்வது இன்னொரு விதம். தசையும் கொழுப்புத் திசுவும் தங்கள் குளுக்கோஸ் கதவுகளைச் சிறு பைகளில் உள்ளேயே சுருட்டிவைத்திருக்கும். இன்சுலின் வந்து தட்டினால்தான் பைகள் சவ்வோடு ஒட்டிக் கதவு வெளியே வரும். பெரிய புரதங்களும் கொலஸ்ட்ரால் துகள்களும் போய்வருவது இதுபோன்ற பைகள் மூலம்தான், ஆனால் அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.

பேத்தியின் கேள்விக்கு இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. தாராவிக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் சேருகிற இடத்தில், அத்தனை சாக்கடைக்கும் நடுவில் வெண்கண்டல் மரங்கள் நிற்கின்றன. பிச்சாவரத்தில் பார்க்கிற அதே மரம். கால் உப்புத் தண்ணீரில். மாவடுவுக்கு வந்த கதி அதற்கு ஏன் வரவில்லை? வேரில் ஒரு வளையச் செல்களின் இடைவெளி மெழுகுபோன்ற பொருளால் அடைபட்டிருக்கிறது. தண்ணீர் சந்து வழியே நழுவ முடியாது, சவ்வைத் தாண்டித்தான் வர வேண்டும். பெரும்பகுதி உப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. உள்ளே தப்பி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் ஆற்றலைச் செலவழித்து வெளியே தள்ளுகின்றன. வெயில் நாளில் இலையைத் தடவினால் விரலில் பொடியாக உப்பு ஒட்டும். பேத்தி நக்கிப் பார்க்கிறேன் என்றாள். மித்தி ஆற்றங்கரையில் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

கண்டல் இலை வெயிலில் தயாரித்த சர்க்கரையை எரித்து நாள் முழுக்க இறைத்துக்கொண்டிருக்கிறது. காம்பை விட்ட வடுவுக்கு வரவு நின்றுவிட்டது. முதல் இரண்டு மூன்று நாள் அதன் சவ்வுகள் தாக்குப்பிடிக்கும். அப்போதுதான் தண்ணீர் மட்டும் வெளியே வருகிறது, சவ்வு செல் சுவரை விட்டுச் சுருங்கி விலகுகிறது. கையிருப்புத் தீர்ந்து, உப்பின் வதையும் சேர்ந்து சவ்வு கிழிந்த பிறகு கதவும் இல்லை, காவலும் இல்லை. உப்பு உள்ளே போகிறது. ஆக, அவள் கேள்விக்குப் பாதிப் பதில்: போகும், கொஞ்சம் பொறு.

மாமி மிளகாய்ப்பொடியும் கடுகுப்பொடியும் மஞ்சளும் அரைத்து ஜாடியில் சேர்ப்பது முதல் நாள் கிடையாது. வடு நன்றாகச் சுருங்கிய பிறகு, அது விட்ட தண்ணீரிலேயே கரைத்துத்தான் சேர்ப்பார். ஏன் மாமி, முதலிலேயே போட்டால் என்ன என்று கேட்டேன்.

“அப்போ போட்டா ஏறாதுடா. வடு இன்னும் உயிரோட இருக்குமே.”